எந்த வழியில் போவது? மதுரைச் சமவெளியை மெய்யாகப் பார்ப்பது பற்றிய கேள்வியும் விடைகளும்

மதுரைக்கு வழி எது என்று ஒருவன் கேட்கிறான். எதிரே வந்தவர் விரிவாகப் பதில் சொல்கிறார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வரும் இந்தக் காட்சியைத் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பயண ஆலோசனைகளில் ஒன்றாகக் கொள்ளலாம். கேட்பவன் கோவலன், சொல்பவர் மாங்காட்டு மறையவர். கொடும்பாளூர் நெடுங்குளத்தைத் தாண்டினால் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறார் அவர். வலப்பக்க வழி வறண்ட நிலத்தைக் கடந்து சிறுமலையை ஒட்டிப் போகும். இடப்பக்க வழி வயலும் சோலையும் தாண்டித் திருமால்குன்றம் வழியாகப் போகும். இன்றைய அழகர்மலைதான் அது. அங்கே மூன்று பொய்கைகள் உண்டு, மூழ்கியவர் வேண்டியதைப் பெறுவர் என்று அந்த வழிக்கே அவர் ஆசை காட்டுகிறார். இடையில் உள்ளது ஊர்களும் காடுகளும் மாறிமாறி வரும் வழி.

கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் பொய்கைகளின் பெருமையை ஏற்கவில்லை. அவற்றால் கிடைப்பதாகச் சொல்லப்படுவதையெல்லாம் வாய்மையாலும் உயிர்களுக்கு இன்னா செய்யாமையாலும் பெறலாம் என்று சொல்லிவிட்டு, இடைவழியில் நடக்கிறார்.

ஒரு நிலத்தைப் பார்க்கப் போகிறவர் அதன் அற்புதங்களைத் தேடிப் போவதா, அங்கே வாழ்கிறவர்களின் ஊடாகப் போவதா? அன்றைய அந்தக் கேள்வி இன்று உலகெங்கும் ‘மெய்யான பயணம்’ என்ற பெயரில் கேட்கப்படுகிறது. பசிபிக் பெருங்கடலின் பாலினீசியத் தீவுகளைப் பற்றி அது மிக உரக்கக் கேட்கப்படுகிறது. 1768-இல் தாகித்தியில் இறங்கிய பூகன்வில் அதைக் காதல் தேவதையின் தீவாக வருணித்தார். அந்தக் கனவைத் தேடி 1891-இல் போன ஓவியர் கொகேன், பப்பேத்தே துறைமுகம் ஏற்கெனவே பிரெஞ்சுக் குடியேற்ற நகரமாகிவிட்டதைக் கண்டு மனம் கசந்தார். தேடி வருகிறவர் கண்ணில் படாத ‘கலப்பற்ற ஊர்’ என்ற பிரச்சினைக்கு அத்தனை வயது.

திருவாதவூர், மேலூர், யானைமலை, அரிட்டாபட்டி என்று மதுரைக்கு வடகிழக்கே விரியும் சமவெளிக்கு இக்கேள்வியைக் கொண்டுவந்து, இதுவரை சொல்லப்பட்ட விடைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு ராமேசுவரத்துக்கு வண்டி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் போகும் நிலம் இது.

தலம் தேடி வந்தவர்கள்

முதல் விடை தலப்பயணிகளுடையது: எந்த ஊரையும் அதன் தெய்வத்தின் வழியாகவும் திருவிழாவின் வழியாகவும்தான் அறிய முடியும். திருவாதவூர் அதற்கு நல்ல சான்று. மாணிக்கவாசகர் பிறந்த ஊர். திருவாதவூரர் என்பதே அவர் பெயர். பிறந்த இடமென்று கருதப்படும் இடத்தில் அவருக்குக் கோயில் உண்டு. ஊரின் பெரிய கோயில் திருமறைநாதருடையது. சங்கப் புலவர் கபிலரின் ஊரும் இதுவே என்று மரபு சொல்கிறது.

பாண்டியனின் அமைச்சரான மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளானதும், வைகையில் வெள்ளம் வந்ததும், பிட்டுக்கு மண் சுமந்ததும் திருவிளையாடலாக எல்லோரும் அறிந்த கதை. கதை ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதில்தான் தலப்பயண மரபின் வலு இருக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருளுகிறார். வைகாசியில் திருமறைநாதர் மேலூருக்குப் போய்வருகிறார். அதை மக்கள் மாங்கொட்டைத் திருவிழா என்றே சொல்கிறார்கள். ஊரும் நகரமும் எந்தப் பாதையால், எந்த மாதத்தில், யார் வழியாக உறவு கொண்டிருக்கின்றன என்பதை இந்தப் புறப்பாடுகள் காட்டிவிடுகின்றன. எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இது கிடைக்காது.

ஆனால் இந்த விடைக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. ஒன்று, தலபுராணம் தன் கதைக்கு வெளியே இருப்பதைப் பார்ப்பதில்லை. திருவாதவூரை ஒட்டிய குன்றின் குகைத்தளத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. மதுரையைச் சூழ்ந்த மலைகள் பலவற்றில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் கிடக்கின்றன. அவற்றுக்குப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயரிட்டுவிட்டு மரபு நகர்ந்துவிடுகிறது.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. தலப்பயணம் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 சூலை 8-ஆம் நாள்தான். அப்படி நுழைந்தவர்களில் ஒருவரான கக்கன் இதே மேலூர் வட்டாரத்துத் தும்பைப்பட்டிக்காரர். தொன்மையான தலப்பயணமே உண்மையான பயணம் என்று சொல்கிறவர்கள் இந்தத் தேதியை மனத்தில் இருத்த வேண்டும்.

கையேடுகள் வகுத்த நிலம்

இரண்டாவது விடை ஆங்கில ஆட்சிக்காலக் கையேடுகளுடையது. நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு 1868-இல் வெளியானது. பிரான்சிஸ் தொகுத்த மாவட்டக் களஞ்சியம் 1906-இல் வந்தது. கோயில், மண், பயிர், சாதி, வழக்கம் என்று எல்லாவற்றையும் வகைபிரித்து எழுதினால் நிலம் பிடிபட்டுவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. இன்றைய வழிகாட்டி நூல்கள் பலவும் அந்த அச்சில் வார்த்தவைதாம். தகவல் அளவில் அவை பயனற்றவை அல்ல; ராபர்ட் சூவெல் 1882-இல் கண்டறிந்து பதிவு செய்திருக்காவிட்டால் மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் ஆய்வாளர் கவனத்துக்கு வர இன்னும் காலம் பிடித்திருக்கும். நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய அக்கல்வெட்டுகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு அளவினதாக ஐராவதம் மகாதேவன் கணித்தார்.

இருந்தும், மக்களை இயல்புகளின் பட்டியலாக எழுதும் பழக்கம் ஏட்டோடு நிற்கவில்லை. கள்ளர் சமூகத்தைப் பற்றி இத்தகைய எழுத்துகள் நிலைநிறுத்திய சித்திரத்துக்கும், பின்னால் வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கும், 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கும் உள்ள தொடர்பை வரலாற்றாய்வாளர்கள் பேசியிருக்கிறார்கள். வெளியாள் எழுதும் வருணனை, எழுதப்பட்டவர்களின் தலையில் சட்டமாக இறங்கக்கூடும். ‘இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்’ என்று படத்தோடு எழுதிப் பகிரும் இன்றைய பயணிக்கும் இது பொருந்தும்.

அரங்கமும் அதன் பின்புறமும்

மூன்றாவது விடை ஆய்வாளர்களுடையது; இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் கேள்வி அவர்கள் கைக்குப் போனது. சுற்றுலாப் பயணி போலி நிகழ்ச்சிகளிலேயே திருப்தி அடைகிறார் என்று டேனியல் பூர்ஸ்டின் 1960-களின் தொடக்கத்தில் சாடினார். டீன் மக்கனெல் 1973-இல் அதை மறுத்தார். பயணி மெய்யையே தேடுகிறார், ஆனால் அவருக்குக் காட்டப்படும் ‘பின்கட்டு’ம் அலங்கரிக்கப்பட்ட அரங்கமாகவே இருக்கிறது என்பது அவர் வாதம். ஹவாயின் லாயே என்ற ஊரில் மார்மன் திருச்சபை 1963-இல் தொடங்கிய பாலினீசியப் பண்பாட்டு மையம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். அங்கே பல தீவுகளின் ‘கிராமங்கள்’ ஒரே வளாகத்தில் கட்டப்பட்டுள்ளன; பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஆடிக் காட்டுகிறார்கள். ஹூலா நடனம் விற்பனைப் பண்டமாவதை ஹவாய்ப் பழங்குடி அறிஞர் ஹௌனானி-கே டிராஸ்க் கடுமையாகக் கண்டித்தார்.

நம் பக்கத்து உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது மதுரையின் சல்லிக்கட்டு முறை. அலங்காநல்லூரில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி மாடம் போடப்படுவதுண்டு. அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024 சனவரி 24-இல் திறக்கப்பட்டது. ஊர்க்கோயிலின் வாடிவாசலில் அவிழ்வது மெய், அரங்கத்தில் அவிழ்வது நகல் என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்வதற்கு முன் தயங்குவது நல்லது. மாடும் மாடுபிடி வீரரும் படும் ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றே. அரங்கத்தில் இல்லாமல் போவது ஊர்க்கோயிலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள பிணைப்பு. அது முக்கியமான இழப்பு என்பதே என் எண்ணம். ஆனால் அதை ‘போலி’ என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது.

இந்த விடையின் பலவீனமும் இதில்தான் இருக்கிறது. அரங்கத்துக்குப் பின்னால் மாறாத ஒரு மூலம் இருப்பதாக அது எண்ணிக்கொள்கிறது. சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். கள்ளழகர் வைகையில் இறங்குவதைவிட ‘மரபான’ காட்சி மதுரையில் வேறில்லை என்று பலரும் நினைக்கலாம். முன்பு அழகர் இறங்கியது தேனூரில். அதை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருமணத்தோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தொ. பரமசிவன் தம் ‘அழகர்கோயில்’ ஆய்வில் இந்தத் திருவிழாவில் பல சமூகங்களின் பங்கை விரிவாக அலசியிருக்கிறார். ஓர் அரசர் செய்த ஏற்பாடு சில நூற்றாண்டுகளில் மக்களின் சொந்தத் திருவிழாவாகிவிட்டது. இன்று செயற்கையாகத் தோன்றுவது நாளை மெய்யாகலாம் என்று எரிக் கோகன் 1988-இல் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பசிபிக்கிலும் அப்படித்தான் நடந்தது. வழக்கொழிந்துபோயிருந்த விண்மீன் வழிகாட்டலைக் கொண்டு ஹோக்குலேயா என்ற இரட்டைப் படகு 1976-இல் ஹவாயிலிருந்து தாகித்திக்குப் போனது. படகு புதிதாகக் கட்டியது. வழிகாட்டிய மாவ் பியாலுக் பாலினீசியரே அல்லர், மைக்ரோனீசியர். அந்தப் பயணத்திலிருந்து ஹவாயரின் பண்பாட்டு மீட்சி வலுப்பெற்றது.

இன்னொரு பொருளும் இங்கே நினைவுகூரத்தக்கது. நியூசிலாந்தில் 1836 வாக்கில் மதபோதகர் வில்லியம் கோலன்சோ, மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். விளிம்பு உடைந்த கப்பல் மணி அது. முகையதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் எழுத்து பொறித்தது. இன்று தே பாப்பா அருங்காட்சியகத்தில் ‘தமிழ் மணி’யாக இருக்கிறது. தமிழ் முசுலிம் வணிகரின் மணியாக இருந்ததும், மாவோரி அடுப்பில் சட்டியாக இருந்ததும், கண்ணாடிப் பெட்டிக்குள் அரும்பொருளாக இருப்பதும் மூன்றுமே அதன் வாழ்வு. இதில் ஒன்றை மட்டும் மெய் என்று தேர்ந்தெடுக்க எந்த அளவுகோலும் இல்லை.

நடந்து பார்த்தவர்கள்

நான்காவது விடை அண்மையது, மதுரையிலேயே உருவானது. 2010-ஐ ஒட்டி யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது ஒத்தக்கடை, நரசிங்கம் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் 8-ஆம் நூற்றாண்டில் குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும், சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் உள்ள மலை அது. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை அந்தச் சூழலில் பிறந்தது. தொல்லியல் அறிஞர்கள் விளக்க, குடும்பத்தோடு நடந்துபோய் மலைகளையும் கண்மாய்களையும் பார்ப்பது அதன் முறை. ஊர்க்காரரும் நகரத்தாரும் சேர்ந்து பார்க்கும்போதுதான் ஒரு நிலம் பாதுகாக்கப்படும் என்பது அதன் உள்ளுறை.

இந்த நம்பிக்கைக்கு அரிட்டாபட்டி சோதனைக்களமானது. ஏழு குன்றுகள், கண்மாய்கள், சுனைகள், லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள், தமிழிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், இலகுலீசர் உருவம் உள்ள குடைவரை எல்லாம் ஒரே ஊரில். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 எக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதலாவது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 சனவரி 7-இல் மேலூர் வட்டார மக்கள் திரளாக மதுரைக்குப் பேரணி வந்தார்கள். சனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிரானைட் குவாரிகள் கீழவளவு, கீழையூர்ப் பக்கத்துக் குன்றுகளுக்குச் செய்ததைக் கண்ணால் பார்த்த மக்கள் அவர்கள். நடைப்பயணங்களால்தான் மலை தப்பியது என்று சொல்வது மிகை. கண்மாய்ப் பாசனத்தை நம்பிய ஊர்களின் ஒற்றுமைதான் முதற்காரணம். ஆயினும் அந்த மலையில் என்ன இருக்கிறது என்பதை வெளியுலகுக்குத் தெரியவைத்ததில் நடந்து பார்த்தவர்களின் பங்கை மறுக்க முடியாது.

குறைகள் இதற்கும் உண்டு. இடம் பெயர்பெற்றதும் கூட்டம் வரும்; சில குகைத்தளங்களில் இரண்டாயிரம் ஆண்டு எழுத்துக்கு அருகிலேயே பெயிண்டில் காதலர் பெயர்களும் கட்சிச் சின்னங்களும் ஏறிவிடுகின்றன. விடுமுறைக் காலையில் வந்து மதியத்துக்குள் திரும்புகிறவர் கண்ணில் கல்வெட்டு தெரிகிறது. அந்த வாரம் மடை திறக்கவில்லை என்ற ஊரின் கவலை தெரிவதில்லை. அறிஞரின் விளக்கம் ஊரின் விளக்கத்தை மூடிவிடவும் கூடும். கீழக்குயில்குடிச் செட்டிப்புடவில் இருப்பது தீர்த்தங்கரர். நீண்ட காதுகளைப் பார்த்து ஊரார் அவரைச் செட்டியாராகக் கண்டார்கள். முதலாவது வரலாறு, இரண்டாவது ஊரின் நினைவு. இரண்டையும் கேட்டுவர நேரம் ஒதுக்கும் பயணமே நிறைவானது.

திட்டமிடுகிறவருக்கு

மேற்சொன்ன விடைகளிலிருந்து நடைமுறைக்குத் தேறுவது என்ன? முதலில் நாட்காட்டி. சிலப்பதிகாரத்தில் வேனில் வெம்மைக்கு அஞ்சி இரவில் நிலவொளியில் நடந்தார்கள். சித்திரை, வைகாசியில் இந்தப் பாறைகள் இன்றும் அதே சூடுதான். மலை ஏறுகிறவருக்கு மழை ஓய்ந்த மார்கழியும் தையும் உகந்தவை: சுனைகளில் நீர் இருக்கும், வயல் பசுமையாக இருக்கும். திருவிழா பார்க்க விரும்புகிறவர் ஆவணி மூலத்தையோ வைகாசியையோ குறிவைக்க வேண்டும்.

வெயிலைப் பொறுப்பவருக்கு இன்னொன்று உண்டு. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலத்தில் மேலூர் வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கரையில் நிறைந்துவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். வலையும் கச்சாவும் இருக்கும். பார்க்க வேண்டியது ஊத்தா. மேலும் கீழும் திறந்த கூடை அது. முழங்கால் சேற்றில் அதைச் சடாரென்று அமுக்கி, உள்ளே துள்ளல் தெரிந்தால் மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி விராலையோ கெளுத்தியையோ எடுப்பார்கள். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பதே பல ஊர்களில் வழக்கம். இதற்கு அனுமதிச் சீட்டு இல்லை, மாடம் இல்லை. தேதியை ஊர்தான் முடிவு செய்யும். அங்கே தங்கி, தெரிந்தவர் மூலம் விசாரித்தால்தான் தெரியவரும்.

அடுத்தது வேகம். ஒத்தக்கடையில் யானைமலை, அங்கிருந்து திருமோகூர், பிறகு திருவாதவூர், மேலூர், அரிட்டாபட்டி என்று போவது இயல்பான வரிசை. ஒரு நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிடலாம். தொட்டது மட்டுமே மிஞ்சும். இரண்டு நாளாவது மேலூரில் தங்கி, டவுன் பஸ்ஸில் போய்வருவதே நல்லது. கீழடியின் அகழ்வாய்வும் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகமும் நகரின் மறுபுறத்தில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ளன. அவற்றைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கேட்டுச் செய்தல். திருவாதவூருக்கு அருகே இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் மரத்தை வெட்டுவதில்லை, செருப்போடு நுழைவதும் இல்லை. அங்கே செருப்பைக் கழற்றுவது விருந்தாளிக்கான சடங்காகாது. உசிலை மரங்கள் இன்றும் நிற்பதற்குக் காரணமான கட்டுப்பாட்டை மதிப்பதே அது. வல்லூறு கூடு கட்டும் பாறையின் அருகே டிரோன் விடுவதும், சாமியாடுகிறவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவதும் கேட்காமல் செய்யக்கூடியவை அல்ல. ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டால் அவருக்குரிய கூலியைப் பேசிக் கொடுத்துவிட வேண்டும். விருந்தோம்பலை இலவச சேவையாகக் கணக்குப் போடக் கூடாது.

தீராத கேள்விகள்

எல்லா விடைகளையும் வைத்துப் பார்க்கும்போது, எது மெய் என்ற கேள்வியைவிட, எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது, யாரை உள்ளே விடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி பயன் மிக்கதாகத் தோன்றுகிறது. பாலினீசியாவின் ராப்பா நூயி தீவில் தேசியப் பூங்காவின் நிர்வாகம் 2017-இல் மாவு எனுவா என்ற பழங்குடி அமைப்பிடம் வந்தது. 2018-இல் வந்த சட்டம் பயணிகள் தங்கும் காலத்தை 30 நாளாகக் குறைத்தது. நம் சட்டத்திலும் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சி மட்டத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. அரிட்டாபட்டியில் பயணிகளின் எண்ணிக்கை, பாதை, கட்டணம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பாக அக்குழு வளர முடியுமா என்பது திறந்தே இருக்கிறது.

‘ஊர் முடிவு செய்யட்டும்’ என்பதிலும் சிக்கல் உண்டு. ஊர் என்பது ஒரே குரல் அன்று. மந்தையில் கூடிப் பேசுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர், காலனியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காமல் ஊரின் சம்மதத்தைப் பற்றிப் பேச முடியாது. சமணக் குகை, சைவத் தலம், நாட்டார் தெய்வம் மூன்றும் ஒரே குன்றில் இருக்கும்போது உரிமைப் பேச்சு எளிதில் பிணக்காகவும் மாறும். பயணிகள் தரும் வருமானம் உள்ளூரில் தங்குமா, மதுரையின் விடுதிகளுக்கும் வண்டி முகவர்களுக்கும் போய்விடுமா என்பதற்கும் இதுவரை தெளிவான விடை இல்லை.

இவை தீரும்வரை பயணி கையில் இருப்பது தன் நடத்தை ஒன்றுதான். திருவாதவூருக்குப் போகிறவர்கள் மேலூரில் ஓர் இரவு தங்குங்கள். ஊரில் ஒருவரிடம் இந்த வருடம் கண்மாய் நிரம்பியதா என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை கைபேசியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.